மழையைப் பிரித்த பிறகுதான் குட்டை வேலை செய்தது

கோத்தகிரியிலிருந்து அரவேணு பக்கம் இறங்கும் சரிவில் எங்கள் ஊர் இருக்கிறது. 34 வீடுகள், ஏறத்தாழ 140 பேர். பாதிக்கு மேல் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். மற்றவர்கள் சிறு தேயிலை விவசாயிகள். ஊரின் சமையலறை, குளியலறைத் தண்ணீரும் செப்டிக் டேங்குகளிலிருந்து வழிவதும் இப்போது இரண்டு குட்டைகளில் தங்கித் தெளிந்து தீவனப்புல்லுக்குப் போகின்றன. இந்தத் தென்மேற்குப் பருவமழை முழுவதும் குட்டை நாறவில்லை, கலங்கி வழியவும் இல்லை. போன ஆண்டு இரண்டும் நடந்தன. இடையில் என்ன செய்தோம் என்பதை அளவுகளோடும் செலவுகளோடும் எழுதி வைக்கிறேன். சமவெளிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மலையில் குட்டை வெட்டினால் அது குளிரிலும் மழையிலும் தோற்றுவிடும். அதைத் தெரிந்துகொண்டு தொடங்குபவர்களுக்கு ஓர் ஆண்டு மிச்சமாகும்.

முன்பு எல்லாம் ஓடைக்குத்தான் போனது. எங்கள் ஓடை கல்லாற்றில் இறங்கி, கல்லாறு பவானியில் சேர்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்களுக்கு இரண்டு வளைவு கீழே ஒரு லைன் வீடுகள் (ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள்) இருக்கின்றன. கோடையில் குழாயில் தண்ணீர் வராதபோது அவர்கள் அந்த ஓடையில்தான் குடம் நிரப்புகிறார்கள். நம் வீட்டுச் சோப்புத் தண்ணீரும் அதைவிட மோசமானதும் அவர்கள் குடத்துக்குள் போவதை எந்த நியாயத்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது. ஊர்க்கூட்டத்தில் மகளிர் குழு அக்காமார் இதைத்தான் சொன்னார்கள். நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் குழாய் வேலை என் பொறுப்பாயிற்று.

முதல் வேலை, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளப்பது. எல்லா வீட்டுச் சாக்கடையும் வந்து சேரும் கல் கால்வாயின் முனையில் நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்தோம். சுற்றியிருந்த இடுக்குகளைக் களிமண்ணால் அடைத்து, 15 லிட்டர் வாளியை அடியில் வைத்துக் கைப்பேசியில் நொடி எண்ணினோம். காலை 7 மணிக்கு வாளி 70 நொடியில் நிரம்பியது. மதியம் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. இரவில் வெறும் சொட்டு. மணிக்கொரு முறை எடுத்ததைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 6,000 லிட்டரை ஒட்டி வந்தது. குடிநீர்த் திட்டங்களில் சொல்லும் ஆளுக்கு 55 லிட்டரை எடுத்துக்கொண்டு, அதில் 80 விழுக்காடு வெளியேறும் என்று போட்டாலும் 140 பேருக்கு 6,160 லிட்டர். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதால் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. ஆனால் வாளி வைத்தது வறண்ட மார்ச் மாதத்தில். ஒரு மழை நாளிலும் வைத்திருந்தால் பின்னால் வந்த தொல்லையில் பாதி வந்திருக்காது.

அடுத்தது பரப்பு. கழிவுநீர்க் குட்டையில் அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பகல் வெளிச்சத்தில் பாசி உண்டாக்கிக் கொடுக்கிறது. குளிரில் இரண்டும் மந்தமாகிவிடும். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டங்கன் மாரா இதற்கு ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். அதன்படி தண்ணீர் 25 டிகிரி இருக்கும் ஊரில் ஒரு சதுர மீட்டர் குட்டை நாளொன்றுக்கு 35 கிராம் பிஓடி தாங்கும். பிஓடி என்பது அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவு. தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கினால் அதே சதுர மீட்டர் 15 கிராம்தான் தாங்கும். எங்கள் ஓடையோர மடுவில் தொழிற்சாலை வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்ததில், ஜனவரியில் விடியற்காலை 11, பிற்பகல் 16. சராசரி 14-ஐ ஒட்டியிருந்தது. ஆகவே சமவெளியில் ஒரு பங்கு இடம் போதும் என்றால் எங்களுக்கு இரண்டே கால் பங்கு வேண்டும்.

கழிப்பறைக் கழிவின் திடப்பகுதி செப்டிக் டேங்கிலேயே படிந்துவிடுகிறது. இரட்டைக் குழிக் கழிப்பறை உள்ள வீடுகளை அப்படியே விட்டுவிட்டோம். அதனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பிஓடி என்று வைத்துக்கொண்டோம். 140 பேருக்கு 3,500 கிராம். 15-ஆல் வகுத்தால் 233 சதுர மீட்டர். முதல் குட்டையை 22 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம் என்று வைத்தோம். 242 சதுர மீட்டர், ஏறத்தாழ 315 கன மீட்டர். தண்ணீர் ஐம்பது நாள் தங்கும். இரண்டாவது 11-க்கு 6, ஆழம் ஒரு மீட்டர். அதில் இன்னும் பத்து நாள். கரைகளின் நடுச்சரிவில் அளந்த நீள அகலங்கள் இவை.

இடம் கிடைப்பதுதான் மலையில் கடினம். உருளைக்கிழங்கு போட்டு, பிறகு கைவிட்ட இரண்டு படிமட்டங்கள், சேர்த்துப் பதினைந்து சென்ட், ஊர்ப்பொதுவில் இருந்தது. வீடுகளுக்குக் கீழே, ஓடைக்கு மேலே. தண்ணீர் தானாக இறங்கும், மோட்டார் வேண்டாம். மின்சாரம் போனாலும் மோட்டார் எரிந்தாலும் நின்றுபோகாத முறை இது என்பதால்தான் குட்டையைத் தேர்ந்தெடுத்தோம்.

நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்க ஆட்சியரின் அனுமதி வேண்டும். அது நல்ல விதி. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. நாங்கள் கையாலேயே வெட்டினோம். கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டி. 70 சென்டிமீட்டர் தோண்டி, அந்த மண்ணையே சுற்றிலும் கரையாகப் போட்டு மீதி ஆழத்தை எடுத்தோம். ஒரு சாண் மண், தண்ணீர் தெளிப்பு, திமிசுக்கட்டையால் இடிப்பு, மறுபடி ஒரு சாண். ஓடைப்பக்கக் கரையின் மேலகலம் 1.5 மீட்டர், மற்ற மூன்று பக்கமும் ஒரு மீட்டர். மட்டம் பார்க்க 20 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொண்டோம். ரசமட்டக் கட்டையை வைத்து 22 மீட்டருக்கு மட்டம் பிடிக்க முடியாது.

களிமண் பூசலாமா, தார்ப்பாய் போடலாமா என்று நீண்ட பேச்சு நடந்தது. களிமண் பள்ளத்தில் கிடைக்கிறது, காசு இல்லை. ஆனால் குட்டை கசிந்தால் கீழ்ச்சரிவு ஊறும். ஊறிய சரிவு ஒரு மழையில் இறங்கிவிடும். நான் தார்ப்பாய்தான் என்று பிடிவாதமாக நின்றேன். பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக் தாள், சதுர மீட்டர் ரூ.115. சரிவும் ஓரமும் சேர்த்து முதல் குட்டைக்கு 27-க்கு 16, இரண்டாவதற்கு 15-க்கு 10. மொத்தம் 582 சதுர மீட்டர். தாளின் ஓரத்தைக் கரைமேல் ஒரு முழ ஆழப் பள்ளத்தில் இறக்கி மண் போட்டு மூடினோம். அடியில் கூரான கல் ஒன்றும் இல்லாதபடி சல்லடை மண்ணை ஐந்து சென்டிமீட்டர் பரப்பினோம். சரிவைக் குறிப்பாகக் கவனியுங்கள்: தாளில் கால் வைத்தால் வழுக்கும், ஏற முடியாது. நான்கு மூலையிலும் பழைய லாரி டயர்களை நைலான் கயிற்றில் கோத்து ஏணியாகத் தொங்கவிட்டிருக்கிறோம். குழந்தையோ கன்றோ விழுந்தால் பிடித்து ஏற அது வேண்டும். வேலி போட்ட பிறகும் அதை எடுக்கவில்லை.

குழாய் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. 110 மில்லிமீட்டர் பிவிசி, 180 மீட்டர், வளைவுக்கு வளைவு செங்கல் தொட்டி, ஏழு. நுழைவுக் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே திறக்கவிட்டோம். மேலே விழுந்தால் நுரையும் படலமும் கட்டும். வெளியேறும் குழாயில் ஒரு டீ (மூன்று வாயுள்ள இணைப்பு) வைத்து, அதன் கீழ்க்கால் 60 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து இழுக்கும்படி செய்தோம். பாசி மேலடுக்கில்தான் அடர்ந்திருக்கும். அதற்குக் கீழிருந்து எடுத்தால் தெளிவான நீர் வரும். இரண்டாம் குட்டையில் நேர்மாறாக, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து. வெளிக்குழாயின் முனையில் ஒட்டாமல் செருகிய எல்போ (வளைவு இணைப்பு) ஒன்று இருக்கிறது. அதைச் சாய்த்தால் குட்டையின் மட்டம் இறங்கும். எண்பது ரூபாய்ச் சாமான், ஆனால் பின்னால் அதுதான் காப்பாற்றியது.

நவம்பர் கடைசியில் ஓடையில் தண்ணீர் தாராளமாக இருந்தபோது குட்டையை ஓடைநீரால் நிரப்பி, அடுத்த வாரமே வீடுகளை இணைத்தோம். வெறும் குட்டையில் கழிவை விடக் கூடாது, நல்ல தண்ணீரில்தான் தொடங்க வேண்டும் என்பது சரி. ஆனால் டிசம்பர் பனியில் பாசி வளரவில்லை. அந்தப் பள்ளம் இரவில் குளிர்க்காற்று வந்து தேங்கும் இடம். மேலே வீடுகளில் 9 டிகிரி என்றால் குட்டையோரம் உறைபனி. ஜனவரியில் தண்ணீர் சாம்பல் நிறமாகி, பிறகு ஒரு மூலையில் இளஞ்சிவப்பு படர்ந்தது. குட்டையின் நிறத்தைப் பார்த்தே அதன் நலத்தைச் சொல்லலாம். பளிச்சென்ற பச்சை நலம். சாம்பலும் கறுப்பும் ஆக்சிஜன் இல்லை என்பதன் அடையாளம். இளஞ்சிவப்பு, கந்தகத்தில் வாழும் பாக்டீரியா பெருகிவிட்டது, சுமை தாங்கவில்லை என்பது. அழுகிய முட்டை நாற்றம் மேல் வீடுகள்வரை ஏறியது. பிப்ரவரியில் கவாத்துக்கு வந்த ஆட்களை வைத்து மேற்குப் பக்கச் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்தோம். மரத்தை வெட்ட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். எங்களுக்குக் கிளை போனதே போதுமாயிருந்தது. பிற்பகல் வெயில் மூன்று மணிநேரம் கூடுதலாக விழுந்தது. பக்கத்துத் தோட்டத்தின் மீன் குட்டையிலிருந்து பச்சைத் தண்ணீர் சில குடம் கொண்டுவந்து ஊற்றினோம். மார்ச் நடுவில் குட்டை பச்சையானது, நாற்றம் நின்றது. மறுபடி தொடங்குவதாக இருந்தால் நவம்பரில் நிரப்பிவைத்து, பாசி பிடித்த பிறகு மார்ச்சில்தான் வீடுகளை இணைப்பேன்.

அந்தப் பிப்ரவரியில்தான் காட்டுமாடு இறங்கியது. முள்வேலியை அது பொருட்படுத்தவில்லை. தண்ணீர் குடிக்கக் கரையில் கால் வைத்த இடத்தில் தாள் ஒரு சாண் நீளம் கிழிந்துவிட்டது. எல்போவைச் சாய்த்து மட்டத்தை 30 சென்டிமீட்டர் இறக்கினோம். எச்டிபிஇயில் பிவிசி பசை ஒட்டாது. காய்ந்ததும் உரிந்து வந்துவிடுகிறது. சைக்கிள் ரப்பர் ஒட்டும் அப்படித்தான். கடைசியில் பெயிண்ட் சுரண்டப் பயன்படும் வெப்பக்காற்றுத் துப்பாக்கி ஒன்றை ரூ.1,800-க்கு வாங்கினேன். கிழிசலைச் சுற்றி ஒரு கையகலம் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மீந்த தாளில் வெட்டிய ஒட்டை வைத்து இரண்டு பரப்பும் சேர்ந்து பளபளக்கும்வரை சூடாக்கி, மர உருளையால் அழுத்தினேன். மீந்த துண்டுகளில் முன்னதாகப் பழகிக்கொள்வது அவசியம். ஒரு நொடி அதிகமானால் ஓட்டை. அந்த ஒட்டு இன்றுவரை நிற்கிறது. வேலியை உயர்த்திக் கல்தூண் நட்டு ஐந்து வரி கம்பி கட்டினோம்.

பச்சை பிடித்த பிறகும் வெளியேறும் நீர் எதிர்பார்த்த அளவு தெளியவில்லை. ஐம்பது நாள் தங்க வேண்டிய தண்ணீர் உண்மையில் தங்குகிறதா என்று பார்க்க, நுழைவாயில் ஓரம் எலுமிச்சம்பழங்கள் போட்டோம். பழம் பெரும்பகுதி மூழ்கித்தான் மிதக்கும். அதனால் காற்றைவிட நீரோட்டத்தைத்தான் அதிகம் காட்டும். மறுநாள் காலையில் நான்கு பழங்கள் வெளிக்குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தன. தண்ணீர் குறுக்கே ஒரே நேர்கோட்டில் ஓடியிருக்கிறது. இரண்டு பக்கமும் மூலைகளில் தேங்கிக் கிடக்கிறது.

இதற்குத் தடுப்புத் திரை வேண்டும். அகலத்தில் எழுபது விழுக்காட்டை மறைக்கும் இரண்டு திரைகள், ஒன்று இடக்கரையிலிருந்து, அடுத்தது வலக்கரையிலிருந்து. 11 மீட்டர் அகலத்துக்கு 7.7 மீட்டர் திரை. நீளத்தை மூன்றாகப் பிரித்து 7.3 மீட்டருக்கு ஒன்று. தாள் போட்ட குட்டையில் கம்பு நட முடியாது. ஆகவே கரைக்குக் கரை 8 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் மீந்த தாளைத் தொங்கவிட்டு, அடியில் மணல் நிரப்பி இரு முனையும் மூடிய ஒன்றரை அங்குலக் குழாயை மடித்துத் தைத்தோம். முதலில் கல்லைக் கட்டியிருந்தோம். காற்றில் அது அசைந்து அடித்தாளை உரசியதைப் பார்த்ததும் எடுத்துவிட்டோம். கயிறு வெயிலில் நைந்து தளர்வதால் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும். திரைகளுக்குப் பிறகு போட்ட பழங்கள் நாட்கணக்கில் மூலைகளைச் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜூனில் மழை வந்தது. ஒரு வாரத்தில் பச்சை முழுவதும் வெளிறிப்போனது, வெளிக்குழாயில் கலங்கல் நீர் பாய்ந்தது, புல்பாத்தி மூழ்கி ஓடைக்கு வழிந்தது. கீழ் லைனுக்கு ஆள் அனுப்பி, ஓடையில் தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நாள் எனக்கு மிகவும் வருத்தமானது. குடையைப் பிடித்துக்கொண்டு நுழைவுக் குழாயில் வாளியை வைத்தோம். 70 நொடியில் நிரம்பிய அதே வாளி நான்கு நொடியில் நிரம்பியது. மணிக்கு 13,500 லிட்டர். இரண்டு நாளுக்கு மேற்பட்ட கழிவுநீரின் அளவு ஒரே மணிநேரத்தில்.

எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். குட்டையின் மேலேயே விழும் மழையைத் தடுக்க வழியில்லை. இரண்டு குட்டையும் சேர்த்து 308 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழையில் 31 கன மீட்டர், அதாவது ஐந்து நாள் கழிவின் அளவு. அதைக் கரையின் மீதி உயரம் தாங்கும். கூரைகள்தான் பெரிது. ஒரு வீட்டுக் கூரை 40 சதுர மீட்டர் என்றால் 34 வீட்டுக்கு 1,360. ஓர் இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 68 கன மீட்டர், பதினொரு நாள் கழிவு. அது சாக்கடையில் இறங்கினால் எந்தக் குட்டையும் நிற்காது. வளர்ந்த பாசியையும் நுண்ணுயிரையும் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி வளர வாரக்கணக்காகும். அதற்குள் அடுத்த மழை.

யார் வீட்டுக் கூரை இணைந்திருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொன்னார்கள், அதுவும் உண்மையென்று நம்பியே. தாத்தா காலத்தில் போட்ட குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே புகை விட்டோம். வெயிலடித்த ஒரு ஞாயிறு, நடுத்தொட்டியின் மூடியைத் திறந்து, அரைகுறையாகக் காய்ந்த தழையைத் தகரப் பெட்டியில் புகையவிட்டு, உலைக்கு ஊதும் மின்துருத்தியால் குழாய்க்குள் செலுத்தினோம். இரு பக்கக் குழாய்களையும் மணல் மூட்டையால் அடைத்துப் பகுதி பகுதியாகச் செய்தோம். எங்கெல்லாம் கூரைக்குழாய் சாக்கடையில் சேர்ந்திருந்ததோ அங்கெல்லாம் கூரை ஓரத்திலிருந்து புகை எழுந்தது. சிறுவர்கள் ஓடிப்போய்ச் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டார்கள். 34-இல் 19 வீடுகள். கூடவே இரண்டு முற்றங்கள், மூடி சரியாக உட்காராத மூன்று தொட்டிகள். வாதம் எதுவும் தேவைப்படவில்லை. எல்லாரும் தங்கள் கூரையைத் தாங்களே பார்த்துவிட்டார்கள்.

இணைப்பைத் துண்டிப்பது ஒரு மணிநேர வேலை. துண்டித்த தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. இங்கே ஒரு வீட்டின் கூரை, கீழ் வீட்டின் பின்சுவருக்கு நேர்மேலே இருக்கிறது. "என் வீட்டுச் சுவர் ஊறினால் யார் பொறுப்பு, அண்ணா?" என்று கீழ்வரிசை அக்கா ஒருவர் கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். அந்தப் பயத்தால்தான் முன்னோர்கள் மழைநீரைச் சாக்கடையில் விட்டிருக்கிறார்கள். ஆகவே கூரைத்தண்ணீருக்குத் தனிப்பாதை முடியும்வரை ஒரு வீட்டையும் துண்டிக்கவில்லை. வரிசைக்கு வரிசை கூரையோரம் தண்ணீர் பிடிக்கும் தகரத் தாழ்வாரம், மூன்று அங்குல இறங்குகுழாய், அதிலிருந்து வரிசையின் ஓரத்துக்குக் கிடைக்கால்வாய். ஊரின் இரு ஓரத்திலும் கல் பாவிய படிக்கால்வாய், 45 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழம். ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு படி. படியின் அடியில் பெரிய கல் ஒன்று. படியில் விழுந்து வேகம் தணிந்த தண்ணீர் மண்ணை அரிக்காது. குட்டைக்கு மேற்புறமும் அதே அளவில் ஒரு மறிகால் வெட்டி, சரிவிலிருந்து வரும் ஓட்டத்தைப் படிக்கால்வாயில் திருப்பினோம். செப்டம்பரில் தொடங்கியது, வடகிழக்குப் பருவத்தில் நிறுத்தி வைத்து, ஏப்ரலில் முடிந்தது. மூன்று தொட்டி மூடிகளையும் விளிம்பில் ரப்பர் வைத்துச் சிமெண்டால் உட்காரவைத்தோம்.

இந்த ஆண்டு ஜூனில் அதே மாதிரி மழையில் வாளி 38 நொடியில் நிரம்பியது. இன்னும் எங்கோ கொஞ்சம் வருகிறது. ஆனால் குட்டை பச்சையாகவே இருந்தது.

நீரின் தரத்தை எப்படிப் பார்த்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாரும் செய்யக்கூடியது. மீன்தொட்டிக் கடையில் மெத்திலீன் நீலம் கிடைக்கும். கண்ணாடி பாட்டிலில் குட்டைநீரைக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, நீலம் தெரியுமளவு சில துளி விட்டு, இறுக மூடி, இருட்டில் 20 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டும். நாங்கள் சமையலறைப் பரணில் துணி சுற்றி வைத்தோம். இருட்டு கட்டாயம், வெளிச்சம் பட்டால் பாசி ஆக்சிஜன் விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும். நீரில் மீந்த அழுக்கு ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும் நீலம் மறையும். ஒரே நாளில் மறைந்தால் தேவையான ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்த நீரில் இருந்தது. ஐந்து நாள் தாங்கினால் மூன்றில் இரண்டு பங்கு. பத்து நாள் தாங்கினால் தொண்ணூறு விழுக்காடு. நுழைவு நீரில் நீலம் சில மணிநேரத்தில் போனது. போன ஆண்டு மழையில் வெளிநீர் இரண்டாம் நாள் தோற்றது. இந்த ஆண்டு ஜூலையில் வைத்த பாட்டில் பத்து நாளுக்குப் பிறகும் நீலமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு மாதிரியைக் கோவையில் ஓர் ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். பிஓடி லிட்டருக்கு 52 மில்லிகிராம், வடிகட்டிப் பார்த்தால் 19. இடையிலுள்ள வேறுபாடு பாசிதான். ஆற்றில் விடுவதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி 30-க்குள் இருக்க வேண்டும். அதனால் இன்றும் நாங்கள் ஓடைக்கு விடவில்லை. இரண்டாம் குட்டையின் நீர் நேப்பியர் புல்பாத்திக்குப் போகிறது. ஊரில் பதினொரு மாடுகள் அதைத் தின்கின்றன. கேரட், பீட்ரூட், கீரை எதற்கும் இந்தத் தண்ணீர் கூடாது என்று கூட்டத்தில் முடிவு செய்து எழுதி வைத்திருக்கிறோம். புழு முட்டைகள் அறுபது நாளில் அடியில் படிந்துவிடும் என்றாலும் பச்சையாகத் தின்னும் பொருளில் துணிந்து பார்ப்பது தவறு.

பராமரிப்பு வாரம் அரை மணிநேரம். கரையோரப் புல்லை நீரில் சாயவிடாமல் வெட்டுவது, அங்கேதான் கொசு முட்டையிடும். மேலே மிதக்கும் பொடியிலைப் பச்சையை வலையால் அள்ளுவது. அது குட்டையை மூடினால் பாசிக்கு வெளிச்சம் போகாது. வீடுகளில் கழிப்பறை கழுவ ஆசிட் ஊற்றக் கூடாது. ஆண்டுக்கொரு முறை வெள்ளைத் துண்டு சுற்றிய கம்பை அடிவரை நிறுத்தி எடுத்தால், துண்டில் கறுப்புப் படிந்த உயரம்தான் சேற்றின் உயரம். நுழைவுப் பக்கம் இப்போது நான்கு சென்டிமீட்டர். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் அள்ள வேண்டும். அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. செப்டிக் டேங்குகளின் சேற்றை மூன்று ஆண்டுக்கொரு முறை எடுக்கவில்லை என்றால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

செலவு: வெட்டுக்கூலி ரூ.54,000 (வீட்டுக்கொருவர் கொடுத்த உழைப்பு தனி), தாள் ரூ.67,000, குழாய் ரூ.31,500, தொட்டிகள் ரூ.24,500, வேலி ரூ.28,000, திரைகளும் சில்லறைச் சாமான்களும் துப்பாக்கியும் ரூ.9,000, மழைநீர்ப் பாதை ரூ.46,000. மொத்தம் ரூ.2,60,000, வீட்டுக்கு ரூ.7,650-ஐ ஒட்டி வருகிறது. அந்த 46,000 கடைசியில் செலவானது. முதலில் செலவழித்திருக்க வேண்டிய பணம் அது. இன்று யாராவது கேட்டால் மண்வெட்டியை எடுப்பதற்கு முன் புகை விடுங்கள், மழையில் வாளி வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது பள்ளியின் சத்துணவுக்கூடத்தையும் இணைக்கக் கேட்கிறார்கள். குட்டை குளிர்காலத்தில் தாங்குவது 242-ஐ 15-ஆல் பெருக்கினால் 3,630 கிராம். ஊரின் சுமை 3,500. மீதி 130 கிராம். அரிசி கழுவிய தண்ணீருக்கும் குழம்பு எண்ணெய்க்கும் அது காணாது. இணைக்க முடியாது என்று சொல்லிவிட்டு, பள்ளியின் பின்புறம் எண்ணெய் பிடிக்கும் தொட்டியும் ஜல்லி நிரப்பிய கல்வாழைப் பாத்தியும் தனியாகப் போட இடம் குறித்திருக்கிறோம். எட்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். அதன் கூரைத்தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பதை இந்த வாரமே புகைவிட்டுப் பார்த்துவிட்டோம்.